ஒரு சாண்

பாவ்நகரில் எங்கள் அடுப்படி
பத்தடிக்கு ஏழடி.
ஒரே கறுப்புக்கல் மேடை. அதில் இரண்டு அடுப்பு.
பட்டம் விடும் நாளன்று மொட்டைமாடியில்
கடை யாருக்கு என்று
அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தது.
மறுநாள் காலை உலை பிரிந்தது.
ஓரகத்திகள் பிரிந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு.
எங்கே பிரிந்தோம்?
பிரிந்தவர்களுக்கு வேறு வேறு கதவு இருக்கும்.

ஜாஸூத்தின் அடுப்புக்கும் என் அடுப்புக்கும்
நடுவே ஒரு சாண் கல்.
அவள் துணி அவள் விளிம்போடு நின்றுவிடும்,
என் துணி என் விளிம்போடு.
கோடு யாரும் கிழிக்கவில்லை;
அழுக்கு கிழித்துக்கொண்டது.

மற்றபடி நான் சுத்தக்காரி.
குக்கர் கேஸ்கெட்டைக் கழற்றிப்
பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன்.
ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்புக்குள்
தீக்குச்சியில் துணி சுற்றி விடுவேன்.
சுவிட்சில் படிந்த மாவு விரல்,
அஞ்சறைப்பெட்டி மூடியின் உள்விளிம்பில் மஞ்சள்,
தேப்லா சுடும் கல்லின்
கைப்பிடி ஆணிக்குள் கரி,
எல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது.
எக்ஸாஸ்ட் இறக்கையைச் சோடா உப்பில் ஊறப்போட்டால்
தண்ணீர் கடுங்காப்பி நிறமாகும்.
அதைப் பார்ப்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

ஆனால் அந்த ஒரு சாண்.

அவள் தாளிக்கும் கடுகு அங்கே தெறிக்கும்,
நான் தாளிப்பதும்.
விழுந்தபின் எது யாருடையது?
வெல்லப் பிசுக்கு, நிலக்கடலைத் தோல்,
சுருண்டு காய்ந்த ஒற்றைக் கறிவேப்பிலை.
இரண்டு பக்கமிருந்தும் எறும்புகள் வந்து
நடுவில் முகம் முட்டி
ஏதோ சொல்லிக்கொண்டு போயின.
"இது யாரோட இடம் காக்கி?"
ஜாஸூத்தின் மகன் கேயூர் ஒருநாள் கேட்டான்.
"கல்லோட இடம்" என்றேன்.

மழை தொடங்கிய வாரம், ஒரு மத்தியானம்
கேஸ் வாடை.
அவளும் ஓடிவந்தாள், நானும்.
ஜன்னலை யார் திறந்தது, நினைவில்லை.
மேடைக்கு அடியில் இரண்டு சிலிண்டர்;
இரண்டு குழாயும் அந்த ஒரு சாணுக்கு நேர்கீழே
ஒரே துளை வழியாக மேலேறுகின்றன.
ஆரஞ்சு நிறம் என்று ஞாபகம்.
இப்போது எண்ணெயும் தூசியும் மயிர்போல் முளைத்து
எது என்னுடையது, எது அவளுடையது
என்றே தெரியவில்லை.

"துடைச்சாத்தான் தெரியும்."
ஐந்து மாதத்தில் ஜாஸூத் என்னிடம் பேசிய
முதல் வாக்கியம்.

அவள் பிடித்துக்கொள்ள நான் துடைத்தேன்.
வெந்நீர் மூன்று முறை மாற்றினோம்.
சோப்பு நுரை தடவி
ரெகுலேட்டரை ஒவ்வொன்றாகத் திறந்தோம்.
என் குழாயில்
கடுகளவு ஒரு கொப்புளம் எழுந்து, பெருத்து, உடைந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானாயிருந்தால் சொல்லியிருப்பேன்.

சிலிண்டர்களை உருட்டியெடுத்தால்
தரையில் இரண்டு துரு வளையம்.
எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டு
குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தோம்.
போகவில்லை.
கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான்.

குழாய் மாற்றுகிறவன் மறுநாள்தான் வந்தான்.
அன்றிரவு அவள் அடுப்பில்
இடது பர்னர் வெறுமனே கிடந்தது.
போட்டுக்கொள் என்று அவள் சொல்லவில்லை,
போடட்டுமா என்று நானும் கேட்கவில்லை.
எட்டு ரொட்டி சுட்டேன்.

திங்கட்கிழமை வக்கீல் வருகிறார்.
என் வீட்டுக்காரர் காகிதங்களைப் பரப்புவார்,
வினுபாய் இந்தமுறையும் கையெழுத்துப் போடமாட்டார்.

இன்று காலை எழுந்துவந்தால்
அந்த ஒரு சாண் பளிச்சென்று இருக்கிறது.
நான் துடைக்கவில்லை.
அப்படியென்றால் நாளை என் முறையா?
இதைப் போய் எப்படிக் கேட்பது?
கையில் துணியோடு நிற்கிறேன்.
அவள் தாளிக்கிறாள்.
ஒரு கடுகு வந்து நடுவில் விழுகிறது.